கம்போடிய அணிக்கு மேலாளரான நடுக்கள வீரர்: கணக்கைச் சரியாகப் பார்ப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்கிழக்காசியக் கால்பந்துப் போட்டிகள் வரும்போதெல்லாம் கம்போடியாவைப் பற்றி இரண்டு விதமான பேச்சு எழுகிறது. ஜப்பானிய நட்சத்திரம் கெய்சுகே ஹோண்டா பயிற்சியாளராக வந்து அந்த அணியைத் தூக்கி நிறுத்தினார் என்பது ஒன்று. பயிற்சி அனுபவமே இல்லாமல் வந்து ஈரானிடம் 14 கோல் வாங்க வைத்தார் என்பது மற்றொன்று. இரண்டுமே அரைகுறை. ஒரு நடுக்கள வீரர் தேசிய அணியை நடத்துபவராக மாறும்போது எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது என்பதற்கு அந்த ஐந்து ஆண்டுகளை விட நல்ல பாடம் ஆசியாவில் அண்மையில் கிடைக்கவில்லை. ஆகவே விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ஹோண்டா ஏட்டளவில் கம்போடியாவின் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. 2018 ஆகஸ்டில் அவருக்குக் கொடுக்கப்பட்ட பதவி பொது மேலாளர். தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளராகப் பதிவு செய்ய உயர்நிலைப் பயிற்சி உரிமம் வேண்டும். அவரிடம் அது இல்லை. எனவே ஆட்டப் பட்டியலில் முதலில் அர்ஜென்டினாவின் ஃபெலிக்ஸ் டல்மாஸ், பின்னர் ஜப்பானின் ரியு ஹிரோசே என்று உரிமம் உள்ளவர்களின் பெயர்கள் இடம்பெற்றன. யாரை எடுப்பது, எப்படி ஆடுவது என்பதை முடிவு செய்தவர் ஹோண்டா. ஓய்வு பெற்ற தொழில்முறை வீரர்களுக்கு இந்த உரிமம் தேவையா என்ற கேள்வியை அவர் வெளிப்படையாகவே எழுப்பி வந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவர் சாதாரண ஆட்டக்காரர் அல்ல. நகோயாவில் தொடங்கி நெதர்லாந்தின் வென்லோ, மாஸ்கோவின் சிஎஸ்கேஏ, இத்தாலியின் ஏசி மிலான், மெக்சிகோவின் பச்சூகா வரை ஆடியவர். ஜப்பானுக்காக 98 ஆட்டங்களில் 37 கோல். 2010, 2014, 2018 என மூன்று உலகக் கோப்பைகளிலும் கோல் அடித்தவர். 2011 ஆசியக் கோப்பையின் சிறந்த வீரர். கம்போடியாவுக்கும் அவர் புதியவரல்ல. சியம் ரீப் நகரில் சொல்டிலோ அங்கோர் என்ற கிளப்பை நடத்தியது அவருடைய நிறுவனம்தான். சிக்கல் என்னவென்றால், கம்போடியப் பொறுப்பை ஏற்ற அதே மாதத்தில்தான் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் விக்டரியில் ஆட்டக்காரராகவும் சேர்ந்தார். அதன் பிறகு நெதர்லாந்தின் விட்டெஸ், பிரேசிலின் பொட்டஃபோகோ, அஜர்பைஜானின் நெஃப்ட்சி, லித்துவேனியாவின் சுடுவா என்று ஆடிக்கொண்டே, இடையிடையே கம்போடியத் தலைநகர் புனோம்பென்னுக்கு வந்து போனார். பல ஏற்பாடுகள் காணொளி அழைப்பிலேயே நடந்தன.

இப்போது முடிவுகள். முதல் ஆட்டத்தில் 2018 செப்டம்பரில் சொந்த மண்ணில் மலேசியாவிடம் 1-3. அந்த ஆண்டு தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கோப்பையில் லாவோஸை மட்டும் 3-1 என வென்றார்கள். 2019 ஜூனில் உலகக் கோப்பை தகுதிச்சுற்றின் முதல் கட்டத்தில் பாகிஸ்தானை 2-0, 2-1 என இரு ஆட்டங்களிலும் வீழ்த்தி அடுத்த சுற்றுக்குப் போனார்கள். இந்தச் சிறிய வெற்றிதான் பெரிய அடிக்கும் வழி திறந்தது. ஈரான், ஈராக், பஹ்ரைன், ஹாங்காங் இருந்த பிரிவில் எட்டு ஆட்டங்கள். ஹாங்காங்குடன் 1-1 என்ற ஒரே சமநிலை. அடித்தது 2, வாங்கியது 44. அதில் 24 கோல் ஈரானுக்கு எதிரான இரண்டு ஆட்டங்களில் மட்டும். அதே பிரிவில் பஹ்ரைனுடன் புனோம்பென்னில் 0-1 என்றுதான் தோற்றார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

2019 இறுதியில் தென்கிழக்காசிய விளையாட்டில் 22 வயதுக்குட்பட்டோர் அணி மலேசியாவை 3-1 என வென்று அரையிறுதிக்குப் போனது. வெண்கலப் பதக்க ஆட்டத்தில் மியான்மரிடம் பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்று நான்காம் இடம். என் பார்வையில் ஹோண்டா காலத்தின் நல்ல விளைச்சல் இதுதான். அந்தப் பையன்களுக்கு ஒரே பாணியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்க அவகாசம் இருந்தது. 2022 ஜூனில் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் இந்தியாவிடம் 0-2. இரண்டு கோலும் சுனில் சேத்ரி. அந்த ஆண்டு டிசம்பரில் தொடங்கிய ஆசியான் போட்டியில் பிலிப்பைன்ஸை 3-2, புரூனையை 5-1 என வென்றும் அரையிறுதி கிட்டவில்லை. 2023 மே மாதம் சொந்த நாட்டில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் பிரிவுச் சுற்றோடு வெளியேறிய பின் ஹோண்டா விடைபெற்றார்.

இனி 14 கோல் கதைக்கு வருவோம். 2019 அக்டோபர் 10, தெஹ்ரானின் ஆசாதி மைதானம். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பெண்கள் சீட்டு வாங்கி உள்ளே வந்த ஆட்டம் என்று உலகமே எழுதியது. இடைவேளையிலேயே 7-0. கரீம் அன்சாரிஃபர்த் நான்கு, சர்தார் அஸ்மூன் மூன்று. திறமை வேறுபாடு பெரியது என்பது உண்மைதான். ஆனால் 0-5 ஆகத் தோற்க வேண்டிய ஆட்டங்கள் 0-10 தாண்டிப் போவதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. கோல்கீப்பரிலிருந்து தரையோடு பாஸ் செய்து பந்தை மேலே கொண்டுவரும் பாணியை ஹோண்டா விரும்பினார். இதைப் பலர் வெறும் பிடிவாதம் என்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. உயரமான முன்கள வீரர் இல்லாத அணி உயரப் பந்தை அடித்தால், பத்தில் பெரும்பாலானவை எதிரணியின் தலைக்கே போகும். அடுத்த தாக்குதல் உடனே திரும்பி வரும். குள்ளமான, வேகமான ஆட்டக்காரர்களுக்குத் தரைப் பந்துதான் நியாயமான வழி. பழுது அந்த யோசனையில் இல்லை, அதைச் செய்து பார்க்கக் கிடைத்த நாட்களில் இருந்தது.

அந்தப் பாணி எப்படி நடக்கிறது, எங்கே உடைகிறது என்று பார்த்தால் புரியும். 2019 ஜூன் முதல் கோல் கிக் (தன் கோலருகிலிருந்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் உதை) விதி மாறியது. பந்து பெனால்டி கட்டத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை, சக வீரர் கட்டத்துக்குள்ளேயே வாங்கலாம். ஆகவே இரண்டு மையப் பின்கள வீரர்களும் கோலின் இருபக்கமும் கட்டத்துக்குள் நிற்பார்கள். பக்கப் பின்கள வீரர்கள் கோட்டை ஒட்டி மேலே ஏறுவார்கள். இவர்களுக்கு முன்னால், கோலிலிருந்து 20, 25 மீட்டர் தள்ளி ஒரு தற்காப்பு நடுக்கள வீரர். எல்லாம் இவர் தலையில்தான். பந்து வருவதற்கு முன்பே இரு தோள்களுக்கும் பின்னால் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். உடம்பைப் பாதி திருப்பி நிற்க வேண்டும். அப்போதுதான் இரு கோல்களும் கண்ணில் படும். பந்தைத் தூரத்துக் காலால் வாங்க வேண்டும். அருகிலுள்ள காலால் வாங்கினால் அது எதிராளி பக்கமே திரும்பும். இவர் தன் கோலைப் பார்த்தபடி நேராக நின்று வாங்கினால், பின்னுக்குத் தருவதைத் தவிர வேறு பாஸ் கிடையாது. ஈரான் மாதிரி அணி அந்த நொடிக்குத்தான் காத்திருக்கும். ஒரு முன்கள வீரர் வளைந்து ஓடி, ஒரு மையப் பின்கள வீரருக்குப் போகும் வழியைத் தன் நிழலிலேயே மறைத்துக்கொண்டு வருவார். இரண்டாமவர் நடுக்கள வீரரின் முதுகில் ஏறுவார். பந்து பறிபோனால் கோல் 20 மீட்டரில். தற்காப்பு வீரர்களோ அகல விரிந்து நிற்கிறார்கள். அடைக்க ஆளில்லை.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். புனோம்பென் ஒலிம்பிக் மைதானத்தில் செயற்கைப் புல். அங்கே பந்து வழுக்கிக்கொண்டு வேகமாக ஓடும், பாஸின் கனம் ஒரே சீராக இருக்கும். இயற்கைப் புல்லில் அதே விசையில் அடித்தால் பந்து அரை மீட்டர் முன்னாலேயே சோர்ந்துவிடும். அந்த அரை மீட்டர்தான் எதிராளிக்குக் கிடைக்கும் இடைவெளி. இயற்கைப் புல்லில் ஆடப் போகும் அணி குறைந்தது கடைசி இரண்டு பயிற்சிகளை இயற்கைப் புல்லில் செய்தாக வேண்டும்.

இதைப் பழக்குவதற்கு ஒரு வரிசை உண்டு. எட்டு முதல் பத்து மீட்டர் சதுரத்தில் நான்கு பேருக்கு எதிராக இரண்டு பேர் என்று தொடங்குவார்கள். அது வசமானதும் மைதானத்தின் மூன்றில் ஒரு பங்கில் கோல்கீப்பரோடு ஆறு பேர், அழுத்தம் தர நான்கு பேர். பிறகு எட்டுக்கு ஆறு. கடைசியில் பதினொருவருக்குப் பதினொருவர். ஒவ்வொரு சுற்றும் நான்கு நிமிடம் போல, இடையில் ஓய்வு. நீட்டிக்கொண்டே போனால் கால் சோர்ந்து முதல் தொடுகை கனத்துவிடும். பிறகு கற்பதெல்லாம் பிழையான பழக்கம். இதோடு தப்பிக்கும் வழி ஒன்றையும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்: எதிரணி ஆளுக்கு ஆள் பிடித்துவிட்டால் கோல்கீப்பர் யோசிக்காமல் எந்த ஓரத்துக்கு அடிக்க வேண்டும், விழும் இரண்டாவது பந்துக்கு யார் யார் ஓட வேண்டும் என்று. இந்த வழி இல்லாத அணிதான் வசமாக மாட்டிக்கொள்ளும்.

இதற்குத் தேசிய அணிக்கு எத்தனை நாள் கிடைக்கும்? ஃபிஃபா ஒதுக்கும் சர்வதேச இடைவெளி வழக்கமாக ஒன்பது நாள்; அதற்குள் இரண்டு ஆட்டங்கள். பயணம், முதல் ஆட்டம், மறுநாள் உடல் தேறல், ஆட்டத்துக்கு முந்தைய நாளின் இலகுப் பயிற்சி எல்லாம் போக, முழு வேகத்தில் செய்யக்கூடியவை மூன்று நான்கு பயிற்சிகள்தான். கிளப்பில் தினமும் செய்தாலே ஓர் ஆண்டு பிடிக்கும் வேலை இது. அதை நடத்துபவரும் வேறொரு கண்டத்தில் ஆடிக்கொண்டிருந்தால், இடைப்பட்ட வாரங்களில் கிளப் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து பேச ஆளிருக்காது. ஹோண்டா மீதான என் குறை இது ஒன்றுதான். ஆனால் இது சின்னக் குறையல்ல.

நல்ல நடுக்கள வீரர் எல்லாரும் இந்தக் குழியில் விழக்கூடியவர்கள். தோளுக்குப் பின்னால் பார்ப்பது அவர்களுக்குச் சிறு வயதிலேயே ஊறிப்போனது. எப்போது பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று அவர்களே எண்ணிப் பார்த்ததில்லை. அதைப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்க, தன் கையிருப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து அடுக்கத் தெரிய வேண்டும். பயிற்சி உரிமப் படிப்புகள் உண்மையில் கற்றுத்தருவது இதைத்தான். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் சி, பி, ஏ, ப்ரோ என்று படிகள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் ஏதாவது ஓர் அணியோடு வேலை செய்த காலத்தைக் காட்ட வேண்டும். ப்ரோ படிப்பு பல தொகுதிகளாகப் பிரிந்து, வெளிநாட்டுக் கிளப்பைப் பார்வையிடுவது, ஆய்வு எழுதுவது எல்லாம் சேர்த்து ஓராண்டு அளவுக்கு நீளும். முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்று அடுத்த நாளே தொடங்குபவர், தடங்கல் இல்லாமல் ஏறினாலும் நாற்பதை நெருங்கும்போதுதான் மேல்படியில் நிற்பார். ஆடிக்கொண்டிருக்கும் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே சி, பி படிகளை முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பயிற்சிப் பக்கம் போகாமல் அணி மேலாளராக விரும்பும் முன்னாள் வீரர்களுக்கும் வேலை எளிதல்ல. ஆசியப் போட்டிகளில் அணி மேலாளரின் நாள் மைதானத்தில் தொடங்குவதில்லை, கடவுச்சீட்டுக் கட்டோடு தொடங்குகிறது. ஒவ்வொரு வீரரின் கடவுச்சீட்டும் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகிறதா, விசா வந்ததா, பதிவுப் பட்டியலில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து கடவுச்சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டத்துக்கு முந்தைய நாள் ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கு வீரர்களின் சட்டை, கால்சட்டை, காலுறை மூன்றையும் இரண்டு நிறங்களில், கோல்கீப்பருக்குத் தனியாக எடுத்துப் போக வேண்டும். மஞ்சள் அட்டைக் கணக்கைத் தன் ஏட்டிலும் வைத்திருக்க வேண்டும். யார் அடுத்த ஆட்டத்தில் தடை என்று அமைப்பாளர் நினைவூட்டுவார் என்று நம்பியிருக்கக்கூடாது. ஆடுவோர் பட்டியலை ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரத்துக்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். அதில் எண் மாறினாலும் சிக்கல்தான்.

தாள் வேலையில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கம்போடியாவோடு ஒரே போட்டிகளில் ஆடும் கிழக்குத் தீமோரே சாட்சி. பிரேசிலில் பிறந்த வீரர்களைப் பொய் ஆவணங்களோடு ஆடவைத்தது நிரூபணமாகி, 2023 ஆசியக் கோப்பைப் போட்டியிலிருந்தே அந்த நாட்டை ஆசியக் கூட்டமைப்பு விலக்கியது. வெளிநாட்டில் பிறந்தவர்களைக் கம்போடியாவும் இப்போது சேர்த்துக்கொண்டு வருவதால், இந்த ஏட்டு வேலை அங்கேயும் முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

சரி, கம்போடியாவின் சொந்த வீரர்கள் ஏன் இந்த இடத்துக்கு அதிகம் வரவில்லை? 1972ல் பாங்காக்கில் நடந்த ஆசியக் கோப்பையில் அப்போது கெமர் குடியரசு என்ற பெயரில் இருந்த கம்போடியா நான்காம் இடம் பிடித்தது. குவைத்தை 4-0 என வென்றது. அரையிறுதியில் ஈரானிடம் 1-2 என்றுதான் தோற்றது. பின்னாளில் 14 கோல் அடித்த அதே ஈரான். அந்த 1972 கம்போடிய அணியின் நடுக்கள வீரர்கள் எண்பதுகளில் பயிற்சியாளர்களாகியிருக்க வேண்டும். அவர்களிடம் கற்றவர்கள் இரண்டாயிரங்களில் மேலாளர்களாகியிருக்க வேண்டும். 1975 முதல் 1979 வரையிலான கெமர் ரூஜ் ஆட்சி அந்தச் சங்கிலியை அறுத்தது. நாட்டு மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மாண்ட காலம் அது. தொண்ணூறுகளின் நடுவில் சர்வதேசக் களத்துக்குத் திரும்பியபோது ஆட இளைஞர்கள் இருந்தார்கள். கற்றுத்தர மூத்தவர்கள் மிகச் சிலரே இருந்தார்கள். பிரக் சோவன்னாரா, ஹோக் சோசெட்ரா போன்ற முன்னாள் வீரர்கள் இடையிடையே தேசிய அணியை நடத்தியிருக்கிறார்கள். நீண்ட காலப் பொறுப்பெல்லாம் தென்கொரியாவின் லீ டே ஹூன், பிறகு ஹோண்டா என்று வெளியாட்களுக்கே போனது. ஹோண்டாவுக்குப் பிறகு மீண்டும் டல்மாஸ், 2024ல் ஜப்பானின் கோஜி கியோடோகு. கிளப்புகளிலும் பட்டம் வெல்லும் அணிகளின் பெஞ்சில் அயர்லாந்தின் கோனர் நெஸ்டர், உக்ரைனின் ஓலெக் ஸ்டாரின்ஸ்கி போன்ற பெயர்கள்தான் இருந்தன.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஓர் ஒப்பீடு வி. சுந்தரமூர்த்தி. சிங்கப்பூரின் நுட்பமான ஆட்டக்காரர். எண்பதுகளின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெலில் ஆடியவர். அவர் தேசிய அணிக்கு நேரே தாவவில்லை. கிளப்புகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்து, மலேசிய லீக்கில் ஆடிய சிங்கப்பூர் அணியான லயன்ஸ் 12 உடன் 2013ல் மலேசிய சூப்பர் லீக் பட்டம் வென்று, டம்பைன்ஸ் ரோவர்ஸ் வழியாக 2016ல் சிங்கப்பூர் தேசிய அணிக்கு வந்தார். முடிவு? அந்த ஆண்டு சுசுகி கோப்பையில் பிரிவுச் சுற்றோடு வெளியேற்றம். 2018ல் பதவி போனது. பிறகு லாவோஸ் அணியை நடத்தினார். படிப்படியாக ஏறியவருக்கும் தேசிய அணியில் வெற்றிக்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் அவர் போன பாதையில் ஒவ்வொரு ஊரிலும் அவரிடம் வேலை கற்ற உதவியாளர்கள் மிஞ்சியிருப்பார்கள்.

கம்போடியாவில் அந்த மிச்சம்தான் போதவில்லை. 2019ல் இரண்டு ஆட்டங்களிலும் வென்ற அதே பாகிஸ்தானிடம் 2023 அக்டோபரில் 0-0, 0-1 என்று தோற்று உலகக் கோப்பை முயற்சி முதல் கட்டத்திலேயே முடிந்தது. பாகிஸ்தானின் முதல் உலகக் கோப்பை தகுதிச்சுற்று வெற்றி அது. 2024 செப்டம்பரில் ஆசியக் கோப்பை தகுதிச்சுற்றின் பிளே ஆஃப் கட்டத்தில் இலங்கையோடு புனோம்பென்னில் 0-0, கொழும்பில் 2-2; பெனால்டி ஷூட் அவுட்டில் இலங்கை வென்றது. நம் பக்கத்தில் அதை இலங்கையின் எழுச்சி என்று மட்டும் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். எதிரே நின்ற அணி, மேலாளர் மாறியதும் பாணியும் மாறி, நடுக்களத்தில் யார் எங்கே நிற்பது என்ற உடன்பாட்டையே புதிதாகத் தேடிக்கொண்டிருந்தது என்பதும் அந்த முடிவின் ஒரு பகுதி. இருந்தும் மூன்று மாதத்தில் அதே கம்போடியா மலேசியாவோடு 2-2 சமன் செய்து, தாய்லாந்திடம் 2-3 என்ற அளவில்தான் தோற்றது. ஆட்டக்காரர்களிடம் சரக்கு இருக்கிறது.

கம்போடியக் கூட்டமைப்பு செய்யக்கூடியது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தாகேவ் மாகாணத்தில் பாட்டி என்ற இடத்தில் தேசியப் பயிற்சி மையம் ஏற்கெனவே உண்டு. தேசிய அணியில் நீண்ட நாள் ஆடி முப்பதைத் தாண்டிய நடுக்கள வீரர்களை, பூட்ஸைக் கழற்றும் முன்பே சி, பி படிப்புகளில் சேர்க்க வேண்டும். பாடமும் தேர்வும் கெமர் மொழியில் இருக்க வேண்டும். ஓய்வு பெற்றதும் அந்த மையத்தின் 16, 18 வயதுப் பிரிவுகளில் முழுநேர வேலை தர வேண்டும். பகுதிநேர வேலையில் ஏ படிக்குத் தேவையான களப்பணி சேராது. வெளிநாட்டவரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுக்கும் ஒப்பந்தத்தில், இரண்டு கம்போடிய உதவியாளர்கள் எல்லாப் பயிற்சியிலும் உடனிருக்க வேண்டும், பயிற்சித் திட்டங்களும் காணொளிகளும் போகும்போது கூட்டமைப்பிடமே விட்டுச்செல்லப்பட வேண்டும் என்ற ஷரத்து வேண்டும். இந்த இரண்டாவது பகுதி மிக முக்கியம். பயிற்சியாளர் போகும்போது அவர் மடிக்கணினியோடு ஐந்து ஆண்டு உழைப்பும் விமானம் ஏறிவிடுவது ஆசியாவின் சிறிய அணிகள் பலவற்றில் நடக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆசிய ஆட்டங்களின் முடிவுகளைப் போடும்போது அணிகளின் பெயரோடு தலைமைப் பயிற்சியாளர் யார், எத்தனை மாதமாகப் பொறுப்பில் இருக்கிறார் என்ற ஒரு வரியையும் சேருங்கள். பெட்டிச் செய்தியில் இரண்டு செண்டிமீட்டர் இடம்தான் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஆசியக் கால்பந்தைத் தொடர்ந்து கவனிக்கும் வாசகர்